நகரப்போகும் விரலை மூளை நிறுத்த எவ்வளவு நேரம்? வீட்டிலேயே அளக்கலாம்

பனகல் பூங்கா அருகே சாலையைக் கடக்கக் காலைத் தூக்குகிறீர்கள். வளைவில் மாநகரப் பேருந்து தலைகாட்டியதும் தூக்கிய கால் அப்படியே நின்றுவிடுகிறது. செய்த செயலுக்குக் கடிகாரம் உண்டு. செய்யாமல் விட்டதை எப்படி அளப்பது? 1984-இல் கார்டன் லோகன், வில்லியம் கோவன் இருவரும் வழி சொன்னார்கள். ‘செய்’, ‘நிறுத்து’ என்ற இரண்டு ஆணைகளும் பந்தயம் ஓடுகின்றன, முந்துவது நடக்கிறது.

முதல் படி: மடிக்கணினியில் சைக்கோபை என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் இப்படி ஒரு சோதனையை அமையுங்கள். திரையில் இடது அல்லது வலது அம்பு தோன்றும். உடனே அந்தப் பக்கத்து விசையை அழுத்த வேண்டும். நான்கில் ஒரு முறை, அம்புக்குச் சற்றுப் பின்னால் ‘பீப்’ ஒலிக்கும். ஒலித்தால் அழுத்தக் கூடாது. மொத்தம் 200 சுற்று, அதில் 50 பீப். இதற்கும் குறைந்தால் கணக்கை நம்ப முடியாது. ஹெட்போன் கட்டாயம், இல்லையென்றால் தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரனுக்கும் விரல் நின்றுவிடும்.

இரண்டாம் படி: பீப்பின் தாமதத்தை 250 மில்லி விநாடியில் தொடங்குங்கள். நிறுத்திவிட்டால் அடுத்த பீப்புக்கு 50 கூட்டுங்கள். தவறினால் 50 குறையுங்கள். போகப் போகப் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று நிலைத்துவிடும்.

மூன்றாம் படிதான் தலைவலி. சோதனைக்கு உட்காருகிறவர் பீப் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுத்துவார். காத்திருந்தால் பந்தயமே இல்லை. “பாதி முறை தவறத்தான் செய்யும், அப்படித்தான் அமைத்திருக்கிறோம்” என்று ஒவ்வொரு இடைவேளையிலும் சொல்லுங்கள். நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகியவர்களை இதை நம்பவைப்பது லேசில்லை.

நடுவில் அவர் விரலைக் கவனியுங்கள். சில சுற்றுகளில் விரல் லேசாகத் துடிக்கும், ஆனால் விசை அமுங்காது. தசைக்குக் கிளம்பிவிட்ட ஆணை பாதி வழியில் அறுபட்டிருக்கிறது. வலது நெற்றிமடலின் கீழ்ப்பகுதியும் இயக்கத்தைத் திட்டமிடும் புறணியின் (மூளையின் மேலடுக்கின்) ஒரு பகுதியும், ஆழத்தில் உள்ள சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சிறு நரம்புத் திரளைக் குறுக்குப் பாதையில் எழுப்புகின்றன. அது தூண்டிவிடும் குளோபஸ் பாலிடஸ் என்ற மற்றொரு நரம்புத் திரள், புறணிக்குச் செய்தி கடத்தும் தாலமஸை அடக்குகிறது. இயக்கப் புறணிக்கு வரும் உந்துதல் வற்றுகிறது. கையை அவசரமாக நிறுத்தும்போது காலுக்குப் போகும் நரம்பு வழியும் சற்று மங்குகிறது. நெற்றிமடலின் அந்தப் பகுதி நிறுத்தும் வேலையையே செய்கிறதா, எதிர்பாராத ஒலியைக் கவனிக்க மட்டும் உதவுகிறதா என்ற சண்டை ஓயவில்லை. அதனால் அதற்கு ‘பிரேக்’ என்று பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்காம் படி: பீப் இல்லாத 150 சுற்றுகளின் நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். பீப் வந்தவற்றில் சரிபாதி தவறியிருந்தால் 75-ஆவது எண்ணை எடுங்கள். அது 450, பீப்பின் சராசரித் தாமதம் 220 என்றால், நிறுத்த ஆன நேரம் 230 மில்லி விநாடி. ஆரோக்கியமான இளைஞர்களுக்குப் பெரும்பாலும் 200 முதல் 250-க்குள் வரும்.

எண்ணை எழுதி வைக்குமுன் ஒரு சோதனை: நிறுத்தத் தவறிய சுற்றுகளின் சராசரி நேரம், பீப் இல்லாத சுற்றுகளின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அவர் காத்திருந்திருக்கக்கூடும். அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு மறுபடி உட்காரவையுங்கள்.