ஆடி மழையில் சின்பாங் ஜோ: புளிச்சக்கீரையும் மூங்கில் குருத்தும்

ரங்கூனில் ஆடி மாதம் என்றால் மழை விடாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது, தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். ஆனால் சந்தைக்குப் போனால் மனசு நிறைந்துவிடும். தளதளவென்று புளிச்சக்கீரை, பக்கத்திலேயே மண் வாசம் போகாத மூங்கில் குருத்து. புளிச்சக்கீரைக்கு பர்மியர் வைத்திருக்கும் பெயர் சின்பாங். ஜோ என்றால் வறுவல். இந்தக் கீரையையும் குருத்தையும் சேர்த்து வதக்குவதுதான் சின்பாங் ஜோ.

எங்கள் அப்பாயி இதே கீரையை வேகவைத்துப் பூண்டும் மிளகாயும் போட்டுக் கடைவார். அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் புதிதாகச் சமைக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது சின்பாங் ஜோவைத்தான். பாகுப் பதம் பார்க்கிற வேலை இல்லை, மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சந்தையில்

நான் வாங்குவது காளி கோயிலை ஒட்டிய தெயின்ஜி சந்தையில். கீரை விற்கும் பெண்ணை ‘அமா’ என்று கூப்பிடுவேன். பர்மிய மொழியில் அதற்கு அக்கா என்று பொருள். நம் காதில் அம்மா என்றே விழும். இங்கே எடை இன்னும் வீசைக் கணக்கில்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் புழக்கம் ஒழிந்த வீசை 1.4 கிலோ, இங்குள்ள வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. நான்கு பேருக்கு அரை வீசைக் கீரை வாங்குங்கள். தண்டெல்லாம் போக இலை பாதிதான் தேறும்.

தண்டு சிவப்போ பச்சையோ, இலை இளசாக இருந்தால் சரி. சந்தேகம் இருந்தால் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுங்கள். புளிப்பு நாக்கில் சுரீரென்று ஏற வேண்டும்.

கூடவே நடுத்தர அளவில் ஒரு மூங்கில் குருத்து, மூன்று பெரிய வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, எட்டுப் பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி காய்ந்த இறால், ஒரு தேக்கரண்டி ஙாப்பி (மீனையோ இறாலையோ உப்பிட்டு நொதிக்கவைத்த பர்மிய விழுது). கடலை எண்ணெயும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் வீட்டிலேயே இருக்கும்.

குருத்தை வேகவைப்பது

இதை முதலில் முடித்துவிடுங்கள். குருத்தின் நுனியை வெட்டிவிட்டு, மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டால் மட்டை அடுக்கடுக்காகக் கழன்று வரும். உள்ளே தந்த நிறத்தில் கூம்பு மாதிரி இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அடிப்பக்கம் கத்தி இறங்காத அளவுக்கு முற்றியிருந்தால் நறுக்கி எறியுங்கள். மிச்சத்தைத் தீக்குச்சி கனத்துக்குச் சீவிக்கொள்ளுங்கள்.

பச்சைக் குருத்தை அப்படியே வதக்கக் கூடாது. சயனைடு வெளிவிடும் ஒரு பொருள் அதில் இருக்கிறது. கசப்பும் அதனால்தான். நிறையத் தண்ணீரில், மூடி போடாமல், முப்பது நாற்பது நிமிடம் கொதிக்க வேண்டும். பாதியில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். கடைசியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு துண்டை மென்று பாருங்கள். கசந்தால் இன்னொரு கொதி. சந்தையில் வேகவைத்த குருத்தும் பேசினில் வைத்து விற்பார்கள். அதையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்துத்தான் நான் பயன்படுத்துவேன்.

கீரை

இலைகளை மட்டும் கிள்ளி மூன்று தண்ணீரில் அலசுங்கள். மழைக்காலக் கீரையில் மண் ஒட்டியிருக்கும். அப்புறம் வடிதட்டில் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நறுக்க வேண்டாம்.

அடுப்பில்

எவர்சில்வர் சட்டியை எடுங்கள். அலுமினியமும் இரும்பும் இந்தப் புளிப்புக்கு ஒத்துவராது, கறியில் உலோகச் சுவை இறங்கும். எங்கள் பகுதியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் நான் கரியடுப்பிலேயே வைத்துவிடுகிறேன். தணலில் நிதானமாக வதங்குவது இந்தக் கறிக்கு நல்லதுதான்.

இறாலைப் பத்து நிமிடம் ஊறவைத்து உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், உடனே நறுக்கிய வெங்காயம், தட்டிய பூண்டு. வெங்காயத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள், புளிப்பை அடக்குவது அதன் இனிப்புதான். பொன்னிறம் வந்ததும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், இறால், ஙாப்பி. ஙாப்பியின் நெடி முதலில் மூக்கைத் துளைக்கும். பயப்படாதீர்கள். இரண்டு நிமிடம் வறுபட்டால் நெடி போய் வாசம் வரும்.

இப்போது கீரை. சட்டி கொள்ளாது போலத் தோன்றும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுப் புரட்டுங்கள், ஒவ்வொரு பிடியும் நொடியில் சுருண்டு அடுத்ததற்கு இடம் விடும். பளிச்சென்ற பச்சை கண்ணெதிரே மங்கி, ஒரு மாதிரி பழுப்புப் பச்சையாகிவிடும். கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சூடும் புளிப்பும் சேர்ந்து பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றுவதால் வரும் நிறம் அது. சின்பாங் ஜோவின் நிறமே அதுதான்.

கீரை தானாகவே தண்ணீர் விடும். நான் முதல்முறை செய்தபோது, முருங்கைக்கீரைக்கு ஊற்றுவது போல ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அது வற்றுவதற்குள் பூண்டெல்லாம் கரைந்து, கறி புளித்த கஞ்சி போலாகிவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. சட்டி காய்கிறதே என்று உங்கள் கை செம்பைத் தேடும், பொறுங்கள்.

கீரை மசிந்ததும் குருத்தைப் போட்டு, உப்பைக் குறைவாகவே சேருங்கள், ஙாப்பியிலும் இறாலிலும் உப்பு இருக்கிறது. தணலைக் குறைத்து அடிக்கடி கிளறிவிடுங்கள். முதலில் சளசளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் வற்ற வற்ற அது மாறி, சிடுசிடுவென்று வறுபடும் சத்தமாகும். சட்டி ஓரத்தில் எண்ணெய் மினுங்கி நிற்கும். பர்மியர் இந்தப் பதத்தை ‘ஸீப்யன்’ என்பார்கள், எண்ணெய் திரும்பி வருகிறது என்று அர்த்தம். அப்போது பச்சை மிளகாயை முழுசாகப் போட்டு இரண்டு புரட்டு புரட்டி இறக்குங்கள்.

சூடான சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் நம் வீட்டுப் பருப்பு இருந்தால் இன்னும் நல்லது, பருப்பின் சாதுவான ருசியும் இந்தப் புளிப்பும் நன்றாகப் பொருந்தும்.

ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு விரதம் இருக்கிறவர்கள் இறாலையும் ஙாப்பியையும் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக வேர்க்கடலையை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, இறக்கும் நேரத்தில் இரண்டு கரண்டி தூவுங்கள். உப்பை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஆடி முழுக்க வெள்ளிக்கிழமைகளில் இப்படித்தான் செய்கிறோம்.