ரூட் கெனால் செய்த பல்லைப் பார்த்துக்கொள்வது எப்படி?

ரூட் கெனால் முடிந்து வலி போனதும் பலர் பல் டாக்டர் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சையில் பல்லுக்குள் இருக்கும் நரம்பையும் ரத்தக் குழாய்களையும் எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பல்லில் சொத்தை விழுந்தாலும் கூசாது. வலிக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பல் போய்விடும்.

படி 1: மரப்பு விடும்வரை சாப்பிட வேண்டாம்

ஊசி போட்ட மரப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் இருக்கும். அதற்குள் சாப்பிட்டால் உதட்டையோ கன்னத்தையோ கடித்துக்கொண்டதுகூடத் தெரியாது. சூடான காபியும் வேண்டாம். குழந்தைக்குச் செய்திருந்தால் கூடவே இருங்கள். மரத்த உதட்டைச் சப்பிச் சப்பிப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

படி 2: முதல் சில நாள் வலி

கடிக்கும்போது சில நாள் வலிப்பது சகஜம். பல்லுக்குள் நரம்பு இல்லாவிட்டாலும், வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கு உணர்வு உண்டு. அது ஆற வேண்டும். டாக்டர் எழுதிய வலி மாத்திரை போதும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டர் தராத ஆன்டிபயாடிக்கை மெடிக்கல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். எல்லா ரூட் கெனாலுக்கும் அது தேவைப்படாது.

வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதா? தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டர் கலர் தாள் ஒன்றை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார். பல்லில் மை அழுத்தமாகப் பதிந்த மேட்டை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். சில நிமிட வேலைதான்.

படி 3: தற்காலிக அடைப்பைக் காப்பாற்றுங்கள்

மேலே வைத்திருக்கும் தற்காலிக சிமெண்ட் சில வாரத்துக்குத்தான் தாங்கும். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், எலும்பு, சூயிங்கம் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மேலாக லேசாகத் தேய்ந்தால் பயமில்லை. ஆனால் நாக்கால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் உடனே போன் செய்யுங்கள். எச்சிலோடு கிருமி உள்ளே இறங்கினால் மொத்த சிகிச்சையையும் மறுபடி செய்ய வேண்டி வரலாம்.

படி 4: கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

கேப் என்பது பல்லை மூடி மேலே மாட்டும் உறை. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். சொத்தை ஏற்கனவே பாதிப் பல்லைத் தின்றிருக்கும். வேர்க்குழாய்க்கு வழி செய்ய நடுவிலும் குடைந்திருப்பார்கள். மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். கடைவாய்ப் பல்லில் மெல்லும் அழுத்தம் அதிகம் என்பதால், கேப் இல்லாவிட்டால் ஒருநாள் சாதாரணச் சோற்றுக் கல்லைக் கடித்தாலே பிளந்துவிடலாம். பிளவு வேர் வரை இறங்கினால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்காது. முன்பற்களுக்கு எப்போதும் கேப் தேவைப்படாது. நிரந்தர ஃபில்லிங்கே போதுமா என்று கேளுங்கள்.

பெரும்பாலும் பணம்தான் தடை. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பல் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா கேப்தான் போட வேண்டும் என்றில்லை. உள்ளே மறைந்திருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப் குறைந்த செலவில் நன்றாகவே உழைக்கும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம்.

படி 5: கேப் விளிம்பைச் சுத்தமாக வையுங்கள்

கேப்பில் சொத்தை விழாது. அதற்கு அடியில் உள்ள பல்லில் விழும். அழுக்கு சேர்வது கேப்பும் ஈறும் சேரும் கோட்டில். மென்மையான பிரஷ்ஷை ஈறை நோக்கிச் சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகக் காலையும் இரவும் தேயுங்கள். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் நல்லது. பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல். நிரந்தரக் கேப் வரும்வரை போடும் தற்காலிகக் கேப் இருக்கும்போது நூலை மேலே வெடுக்கென்று இழுத்தால் கேப் கழன்று வரும். பக்கவாட்டில் உருவி எடுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவில் பல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் உறையை (நைட் கார்டு) டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

படி 6: எக்ஸ்ரே

வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தால், கரைந்த எலும்பு மெதுவாகத்தான் மீண்டும் வளரும். வலியே இல்லாவிட்டாலும் ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

ஈறில் கொப்புளம் வந்து வந்து உடைந்தாலோ, ஆறிய வலி திரும்பினாலோ டாக்டரைப் பாருங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போய்விடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், நடுராத்திரியாக இருந்தாலும் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.