பெரியல் கேட்கப் பழகுவது எப்படி? புதிதாகக் கேட்பவர்களுக்கு

பெரியல் (Burial) என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்யும் லண்டன்காரர் ஒருவர் 2006-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். முகம் காட்டவில்லை, மேடையும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'அன்ட்ரூ' (Untrue) ஆல்பம், பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போக, ஆள் யார் என்று பத்திரிகைகள் துருவ ஆரம்பித்தன. 2008-இல் தன் பெயரை அவரே சொல்லிவிட்டு மறுபடி ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெயர் நமக்கு வேண்டாம், பாட்டுக்கு வருவோம்.

முதல் தடவை கேட்பவர்கள் பெரும்பாலும் "என்னங்க, கேசட் தேஞ்ச மாதிரி கரகரங்குது?" என்பார்கள். சரிதான், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடியில் ஓடும் பேஸ் அதில் வரவே வராது. சாதாரண ஒயர் இயர்போன் போதும். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நேரம், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு.

2. 'அன்ட்ரூ'வில் இருக்கும் 'ஆர்க்ஏஞ்சல்' (Archangel) என்ற ஒரே பாட்டைப் போடுங்கள். நாலு நிமிடம்தான். முதல் தடவை அந்தக் கரகரப்பை மட்டும் கவனியுங்கள். பழைய இசைத்தட்டின் பொரிச்சல், மழை இரைச்சல் மாதிரியானவற்றை இவர் வேண்டுமென்றே பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார். குரலும் மெட்டும் அதற்குப் பின்னால்தான் வரும்.

3. அடுத்த தடவை தாளம். இதில்தான் விஷயம் இருக்கிறது. டான்ஸ் பாட்டு என்றால் நாலு அடியிலும் 'தம்' என்று விழும். இவர் வந்த டூ-ஸ்டெப் கராஜ் வகையில் நடுவில் சில அடிகளை விட்டுவிடுவார்கள், அதனால் தாளம் கொஞ்சம் நொண்டும். போதாததற்கு, கட்டம் போட்டுத் தாளத்தை அடுக்கித் தரும் மென்பொருளையும் இவர் பயன்படுத்தவில்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற, ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருளில் அலை வடிவத்தைக் கண்ணால் பார்த்தே அடிகளை வைத்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். எந்த அடியும் அச்சுப் பிசகாமல் விழாது. சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். ராத்திரி ஷிப்டில் தறிக்குடோனுக்கு வெளியே நின்று கேட்டிருப்பீர்களே, ஒவ்வொரு தறியும் ஒழுங்காகத்தான் அடிக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் முன்னே பின்னே நழுவும். அந்த நழுவல்தான் இது.

4. அப்புறம் குரல். அமெரிக்கப் பாடகர் ரே ஜே பாடிய 'ஒன் விஷ்' பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு 'ஆர்க்ஏஞ்சல்' போடுங்கள். அதே குரலை நறுக்கி, சுருதியை ஏற்றி இறக்கியிருப்பார். ஒரே வரியில் ஆண் குரல் பெண் குரலாக மாறும். வரிகளைத் தேடிப் படிக்காதீர்கள். முழு வாக்கியமே இல்லாமல்தான் அந்தக் குரல் நெஞ்சைப் பிசைகிறது.

5. பிடித்துவிட்டால் 'அன்ட்ரூ' முழுவதும். சுமார் 50 நிமிடம். கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் இரவு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. தனியார் பஸ் என்றால் அந்த நேரத்தில் இளையராஜா ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தச் சொல்வது பாவம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நாய்ஸ் கேன்சலேஷனைப் போடாதீர்கள். பஸ் இரைச்சலும் கலந்து கேட்டால்தான் நன்றாக இருக்கிறது. ஷஃபிளும் கூடாது, இடையில் வரும் தாளமில்லாத சின்னத் துண்டுகள் இடம் மாறினால் ஆல்பம் சிதறிவிடும்.

6. அதன் பிறகு 2012-இல் வந்த 'கின்ட்ரெட்' (Kindred). அதில் ஒரு பாட்டே பத்து நிமிடத்துக்கு மேல் போகும், நடுவில் அறுந்து வேறொன்றாக ஆரம்பிக்கும். 2022-இன் 'ஆன்டிடான்' (Antidawn) கடைசியில்தான். தாளம் கிட்டத்தட்ட இல்லாத தொகுப்பு அது, முதலில் அதைப் போட்டால் தூங்கிவிடுவீர்கள்.

யூட்யூபில் 'பெரியல் பாணி' என்று மழைப் படம் போட்டு மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் நிறைய உண்டு. அவை அவருடையவை அல்ல. நான் மேலே சொன்ன அவருடைய பாட்டுகள் எல்லாம் ஹைப்பர்டப் (Hyperdub) என்ற லேபிளில் வந்தவை, அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.