மலைவீட்டில் முதியவர் பராமரிப்பு: காசு கரையும் இடங்கள்

நீலகிரி மலையில், கோத்தகிரியிலோ குந்தாவிலோ படுத்த படுக்கையான ஒரு பெரியவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஆகும் செலவு, பல குடும்பங்களில் அவருக்கு வரும் பணத்தைப்போலப் பல மடங்கு. முதியோர் உதவித்தொகை 2011 முதல் 1,000 ரூபாயிலேயே நின்று, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. டயப்பரும் மருந்தும் ஆள் சம்பளமும் அப்படி ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிள்ளைகளோ கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

அரசு உதவி துண்டு துண்டாகத்தான் வரும். மருந்து ஒரு வழியில், அரிசி இன்னொரு வழியில். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் மட்டும் எந்தத் திட்டத்திலும் வராது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறோம், கிடைக்காததை ஏதோ ஒரு அட்டை தரும் என்று காத்திருக்கிறோம்.

பெரிய தொகை போவது ஆள் வைப்பதில். குளிப்பாட்ட, ஊட்ட, துணி மாற்ற ஒரு துணை ஆள் போதுமான வீட்டில், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஏஜென்சியிடம் படித்த நர்ஸைக் கேட்பதுதான் முதல் தவறு. நர்ஸ் தேவைப்படும் வேலைகள் உண்டு: படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாயைப் பார்ப்பது. இவை தினமும் இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கும் வேலைகள் அல்ல. இதற்குத்தான் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பலர் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து தருவது என்று மட்டும் நினைக்கிறார்கள். வட்டாரந்தோறும் வலிநிவாரண சிகிச்சைக்கு ஒரு செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருவதும் அதில் அடக்கம். அவர்களாக வருவார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கிராம செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லிப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட் லயன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள், எந்த லயன், எந்த வளைவில் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வண்டி வந்து சேரும்.

ஏஜென்சியோடு பேசும்போது சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு வருவது அடுத்த தவறு. சமவெளியிலிருந்து வருபவர்கள் டிசம்பர் குளிரில் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. நடுவில் போய்விட்டால் மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், கொடுத்த கமிஷன் திரும்புமா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த நாளுக்காக அக்கம்பக்கத்தில் ஒருவரையாவது பழக்கி வையுங்கள். வெளி மாவட்ட வண்டியில் ஆளைக் கொண்டுவந்து விட்டால், வண்டி மலைக்குள் நுழைய இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும். 2024 மே முதல் அப்படித்தான். பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், யாரும் கணக்கில் எடுக்காத செலவு கரண்ட் பில். 1,000 வாட் ஹீட்டர் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். கீசரும் ஆக்சிஜன் மெஷினும் சேர்ந்தால் 500ஐத் தாண்டுவது சுலபம். தாண்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் சுமார் 2,048. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.35 ரூபாய் சலுகை போய், அதுவும் 4.70 ஆகிவிடுவதுதான் காரணம். ஒரே ஒரு யூனிட்டுக்கு 240 ரூபாய்க்கு மேல்! ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் பில்லுக்குப் பயந்து, சாத்திய அறைக்குள் கரி போட்டுக் கணப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எழுந்து கதவைத் திறக்க முடியாதவர் இருக்கும் அறையில் அது உயிருக்கே ஆபத்து. கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் போதுமா என்று முதலில் பாருங்கள். சர்க்கரை நோயாளியின் காலருகே அந்தப் பையைத் துணி சுற்றாமல் வைக்காதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். முதலமைச்சரின் காப்பீடோ, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 5 லட்சம் ரூபாய்த் திட்டமோ, இரண்டுமே மருத்துவமனைச் சிகிச்சைக்கானவை. வீட்டில் வைக்கும் ஆளின் சம்பளம் அதில் வராது. அட்டையை நம்பி ஏஜென்சிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

சின்னச் சின்னதாகப் போகும் பணமும் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், தகுதியுள்ள முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள் வருகிறது. தெரியாதவர்கள் இன்னும் கடைக்கு ஜீப் வைத்துப் போகிறார்கள். பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுப்பார், கட்டணம் 70 ரூபாய். இதற்காக டாக்ஸி பிடித்துக் குன்னூருக்கோ ஊட்டிக்கோ தூக்கிக்கொண்டு போவது வீண் செலவு, பெரியவருக்கும் அவஸ்தை. ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் சேர்ந்தவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். பழைய காகிதத்தில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்றிருந்தால் உதவித்தொகை மனு அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, காசில்லாத வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. 'என்னைப் பார்த்துக்கொள், இந்த ஒரு ஏக்கர் தேயிலை உனக்கு' என்று வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு, நிபந்தனை எதுவும் எழுதாமல் செட்டில்மென்ட் பத்திரம் போட்டுக் கொடுத்துவிடுவது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வாதம் சுலபம், இல்லாவிட்டால் இழுபறி. இதே சட்டத்தில் பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று இடத்திலும் அலுவலகம் உண்டு. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567க்குப் போன் செய்து கேட்கலாம், அழைப்புக்குக் காசு கிடையாது.