குழந்தை "பிளான்" போட ஆரம்பித்தால் என்ன செய்யலாம்?

நீங்கள் டைரியில் நாளைய வேலைகளை எழுதுகிறீர்கள். பக்கத்தில் உங்கள் நான்கு வயதுக் குழந்தையும் ஒரு தாளில் வரிவரியாகக் கிறுக்கி, வரிக்கு ஒரு டிக் போடுகிறது. கேட்டால், "பிளான் போடறேன்" என்கிறது. தயவுசெய்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விளையாடும்போது குழந்தை தன் வயதைத் தாண்டி நடந்துகொள்கிறது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-லேயே சொன்னார். அந்தத் தாளில் நடப்பதும் அதுதான்.

1. சொந்தமாக ஒரு நோட்டு கொடுங்கள்

கோடு போடாத நோட்டு, தடிமனான பென்சில், போதும். கட்டம் அச்சடித்த "குழந்தைகள் பிளானர்" வேண்டாம் என்பேன். எதை எங்கே எழுதுவது என்பதை அந்தக் கட்டங்களே முடிவு செய்துவிடும்.

2. கேளுங்கள், திருத்தாதீர்கள்

முக்கியமான படி இதுதான், பலர் அவசரப்படுவதும் இங்கேதான். "இது என்ன எழுத்து?" என்று கேட்காமல், "இந்த வரியில என்ன வேலை இருக்கு?" என்று கேளுங்கள். "இது பூனைக்குக் குளியல். இது மேகம் எண்றது. இது நேத்திக்குப் போகப்போற பார்க்" என்று பதில் வரலாம். நேற்றும் நாளையும் குழம்புவது இந்த வயதில் சகஜம், அப்படியே விடுங்கள். குழந்தை சம்மதித்தால், சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே ஓரத்தில் சின்னதாக எழுதிவையுங்கள். கிறுக்கலின் மேல் எழுத வேண்டாம், அது அவர்களுடைய எழுத்து.

"நிலாவுக்குப் போகணும்" என்று இருந்தால்? "அதெல்லாம் முடியாது" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "சரி, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டியல் பிறக்கும்.

3. ஒன்றையாவது செய்ய நேரம் கொடுங்கள்

திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற வரிசையை ஹைஸ்கோப் என்ற பாலர் கல்வி முறை பல வருடங்களாகப் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 1960களில் டேவிட் வெய்கார்ட்டும் அவர் குழுவும் தொடங்கி வைத்த முறை அது. வீட்டில் அவ்வளவு ஒழுங்கு தேவையில்லை. பட்டியலில் ஒன்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். கோட்டை என்று ஆரம்பித்தது பாதியில் கப்பலானால், தாளைக் காட்டி ஞாபகப்படுத்தாதீர்கள். கற்பனை வேலை செய்வதே அந்தத் திருப்பத்தில்தான்.

4. ராத்திரி இரண்டு நிமிடம் பேசுங்கள்

"கப்பல் எப்படி வந்துச்சு?" என்று ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

5. பரிசு வேண்டாம்

முடித்த வேலைக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டத் தோன்றும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு தங்கள் இஷ்டத்துக்கு விளையாடும் நேரத்தில், பரிசே இல்லாமல் வரைந்த குழந்தைகளைவிட அவர்கள் குறைவாகவே வரைந்தார்கள். அதனால் "சூப்பர்!" என்பதைவிட, "மேகத்துக்கு மட்டும் மூணு டிக் போட்டிருக்கியே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்.

6. உங்கள் பெயர் இருந்தால் வேலையைச் செய்யுங்கள்

"அம்மா குதிரை ஆகணும்" என்று பிளானில் இருந்தால், அன்றைக்கே குதிரை ஆகிவிடுங்கள். முடியாத நாளில், எப்போது முடியும் என்று குழந்தையிடமே கேட்டு வேறு பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரியவர்களும் அப்படித்தானே தள்ளிப்போடுகிறோம்.

சில வாரம் நோட்டைத் தொடாமலும் இருப்பார்கள். எடுத்து நீட்ட வேண்டாம். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் போதும்.