ஐஸ் போட்ட ஜூஸ்லயும் கரையுற தேன் சிரப்: வீட்லயே செய்யலாம்

ஐஸ் போட்ட லெமன் ஜூஸ்ல ஒரு ஸ்பூன் தேன் விட்டுப் பாருங்க, நேரா அடியில போய் உக்காந்துக்கும், எவ்ளோ கிண்டுனாலும் பாதி டம்ளர் அடியில, மீதி ஸ்பூன்ல, மேல இருக்குற ஜூஸ் மட்டும் புளிச்சுக்கிட்டே கிடக்கும். தேன் தண்ணிய விட கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம், சில்லுன்னு ஆனா இன்னும் கெட்டியாயிடும், அப்புறம் எங்க கரையறது. அதனால முன்னாடியே வெதுவெதுப்பான தண்ணியில இளக்கி பாட்டில்ல வச்சுக்கிட்டா போதும், புதுச்சேரி வெயில்ல வெளிய போயிட்டு வந்த உடனே ரெண்டு ஸ்பூன் விட்டு ஒரு கலக்கு கலக்கி குடிச்சிடலாம்.

அளவு ரொம்ப சிம்பிள், ஒரு பங்கு தேன், ஒரு பங்கு தண்ணி. 100 மில்லி தேனுக்கு 100 மில்லி தண்ணி. தராசுல எல்லாம் நிறுத்துப் போடாதீங்க, 100 மில்லி தேனே 140 கிராம் வரும், எடைக்கு எடை போட்டா சிரப் நீர்த்துப் போயிடும். ஒரே டம்ளர்ல தேனை முதல்ல அளந்து ஊத்திட்டு அதே டம்ளர்ல தண்ணி அளந்தீங்கன்னா ஒட்டியிருக்குற தேனும் சேர்ந்து வந்துடும், வீணாகாது.

தண்ணிய நல்லா கொதிக்க வச்சு இறக்கிடுங்க, கேன் தண்ணியா இருந்தாலும் சரி. கடலோரமா இருக்குற தெருவுல போர் தண்ணி உப்பு கரிக்கும், அத மட்டும் போடாதீங்க, என்ன தேன் போட்டாலும் ருசி போச்சு. கொதிச்ச தண்ணி ஆறி, விரல விட்டா பொறுக்குற சூட்டுக்கு வரணும், அப்பதான் தேனை சேர்க்கணும். சர்க்கரைப் பாகு மாதிரி அடுப்புல வச்சு தேனோட சேர்த்து கொதிக்க விடறவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். தேன சூடு பண்ணா விஷமாயிடும்னு வீட்ல பெரியவங்க சொல்லுவாங்க, அவ்ளோ பயப்படத் தேவையில்ல, ஆனா கொதிச்சா அதோட வாசனை ஆவியா போயிடும், நிறம் கறுக்கும், கடைசியில வெறும் இனிப்புதான் மிஞ்சும். அதுக்கு சர்க்கரையே போட்டுக்கலாமே, காசாவது மிச்சம். வெதுவெதுப்புல ஒரு நிமிஷம் கலக்குனாலே முழுசா கரைஞ்சிடும்.

தேன் அடியில வெள்ளையா உறைஞ்சு போயிருந்தா கலப்படம்னு தூக்கிப் போட்டுடாதீங்க, நல்ல தேனும் உறையும், அதுல இருக்குற குளுக்கோஸ் படிகமாகுறதுதான் அது. பாட்டிலோட சுடுதண்ணி பாத்திரத்துல கொஞ்ச நேரம் நிக்க வச்சா இளகிடும். ரப்பர் தோட்டத்துத் தேன் சீக்கிரமே உறையும், மார்த்தாண்டம் பக்கம் வர்ற தேன் பெரும்பாலும் அதுதான். அப்புறம் தண்ணியில ஒரு சொட்டு விட்டு கரையாம அடிக்குப் போனா சுத்தத் தேன்னு சொல்ற டெஸ்ட்ட நம்பாதீங்க, கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே மாதிரிதான் போகும். சிரப்புக்கு ரொம்ப விலையான கொம்புத் தேன் தேவையே இல்ல, பெட்டித் தேன் போதும், காதி கடையில அக்மார்க் முத்திரை பாத்து வாங்குங்க. கொம்புத் தேன் கிடைச்சா பண்ருட்டி பலாச்சுளையத் தொட்டு அப்படியே சாப்பிடுங்க, அதுல போய் தண்ணிய ஊத்துறது பாவம்.

இப்ப முக்கியமான விஷயம், பத்திரப்படுத்துறது. தேன் வருஷக்கணக்குல கெடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலயே சிரப்பையும் கிச்சன் அலமாரியில வச்சுடறாங்க, ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. தேன்ல தண்ணி 20 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கணக்கு, அவ்ளோ கம்மியா இருக்கறதாலதான் ஈஸ்ட்டால அதுல பெருக முடியல. நாம சரிபாதி தண்ணி ஊத்தினதும் அந்தப் பாதுகாப்பு போச்சு, சிரப்புல பாதிக்கு மேல தண்ணிதான். கடலூர், புதுச்சேரி புழுக்கத்துல வெளிய வச்சா நுரைக்க ஆரம்பிச்சுடும். அதனால கொதிதண்ணியில போட்டு எடுத்து நல்லா காய வச்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, ஈர ஸ்பூன் விடாதீங்க, ரெண்டு வாரத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. ரெண்டு பங்கு தேன் ஒரு பங்கு தண்ணின்னு கெட்டியா செஞ்சா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஃபெஞ்சல் புயல் அப்ப மாதிரி நாள் கணக்குல கரண்ட் இல்லன்னா யோசிக்காம கொட்டிடுங்க. மூடி திறக்கும்போது புஸ்ஸுன்னு சத்தம், குமிழி, புளிச்ச வாடை, இதுல எது இருந்தாலும் குடிக்காதீங்க. சரக்காயிடுச்சுன்னு சந்தோஷப்பட வேணாம், புதுச்சேரியில இருந்துகிட்டு அதுக்காக தேன வீணாக்கணுமா என்ன.

வாசனை சேர்க்கணும்னா தேன்ல எதையும் ஊற வைக்காம தண்ணியிலயே வேலைய முடிச்சுடுங்க. இஞ்சி தட்டிப் போட்டு கொதிக்க விட்டு வடிகட்டி ஆறினதும் தேன், அவ்ளோதான். நன்னாரி வேர்னா நடுவுல இருக்குற கட்டைய எடுத்துட்டு மேல் பட்டைய மட்டும் இடிச்சு சுடுதண்ணியில ராத்திரி முழுக்க மூடி வச்சு, காலையில வடிகட்டி ஒரு கொதி விட்டு ஆற வைங்க. எனக்கு இஞ்சிய விட நன்னாரிதான் பிடிக்கும், தேனோட அது சேர்ற வாசனையே தனி. எலுமிச்சம்பழம் மட்டும் சிரப்புல பிழிஞ்சு வைக்காதீங்க, குடிக்கும்போது பிழிஞ்சாதான் ஃப்ரெஷ்ஷா இருக்கும்.

ஒரு டம்ளர் ஜூஸுக்கு அரை எலுமிச்சம்பழம், ரெண்டு டேபிள்ஸ்பூன் சிரப், ஒரு சிட்டிகை உப்பு, ஊற வச்ச சப்ஜா விதை இருந்தா அதுவும். பாதி தண்ணிங்கறதால தேன் ஊத்துற அளவுக்கு இரு மடங்கு ஊத்தினாதான் அதே இனிப்பு வரும். கோல்டு காபி, ஐஸ் டீ, சோடா எல்லாத்துக்கும் இதே சிரப்தான். சீசன்ல நுங்கு கிடைச்சா பிதுக்கிப் போட்டு, இளநீர் விட்டு, நன்னாரி சிரப் ஒரு ஸ்பூன் மட்டும் சேர்த்துப் பாருங்க, அதுக்கு மேல போட்டா இளநீரோட ருசிய அமுக்கிடும்.

சுகர் இருக்கறவங்க தேன்தானேன்னு தாராளமா ஊத்திக்க வேணாம், அதுவும் சர்க்கரைதான். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டு கூட நாக்குல தடவாதீங்க, தேன்ல பொட்டுலிசம்ங்கற ஆபத்தான நோய வர வைக்கிற கிருமியோட வித்து இருக்கலாம், கொதிக்க வச்ச தண்ணியில கலந்ததால அது செத்துடாது.