மேல் வீட்டுப் பிள்ளைகளோடு சிநேகம் வைப்பது எப்படி

எனக்கு 53 வயது, என் கணவருக்கு 58. மகள் கல்யாணமாகிப் போன பிறகு, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டோம். ஒரு போர்ஷனில் தேனிப் பையனும் பண்ருட்டிப் பையனும், இன்னொன்றில் திருநெல்வேலிப் பெண். மூன்று பேருக்கும் கீரநத்தம் பக்கம் ஐ.டி. வேலை. நாலு வருஷத்தில் அவர்கள் எங்களுக்கு நெருங்கிய சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். எங்கள் வயதில் இருக்கிறவர்கள் "எப்படி இந்தப் பசங்க உங்ககிட்ட இவ்வளவு ஒட்டுறாங்க?" என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், "எங்க பிள்ளைங்க மாதிரி" என்று சொல்வதை விடுங்கள். அப்படிச் சொன்ன மறுநாளே எத்தனை மணிக்கு வந்தாய், யாரோடு பேசினாய் என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்கு ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள்.

அடுத்தது, கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஆரம்பத்தில் நான் தினமும் குழம்பும் பொரியலும் மேலே அனுப்பினேன். பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். பழக்கம் வந்தது சந்தகையால், அதாவது எங்கள் கொங்குப் பக்கத்து இடியாப்பத்தால். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வரும் என்றார் டாக்டர். சந்தகை மாவு இட்லியாக வெந்து இறங்கியதும், ஆவி பறக்கும்போதே அச்சில் போட்டுப் பிழிந்துவிட வேண்டும். ஆறினால் இறங்காது. அவர் பட்டறையில் இருந்தார். நான் மாடிப்படியில் நின்று, "சாமி, கொஞ்சம் கீழ வந்து பிழிஞ்சு குடுக்கறீங்களா?" என்று கூப்பிட்டேன். தேனிக்காரன் ஓடி வந்தான். கைப்பிடியை அழுத்தினான், அசையவில்லை. பண்ருட்டிக்காரன் வந்து அச்சின் காலைப் பிடித்துக்கொண்டான். வெள்ளை இழைகள் தட்டில் விழுந்ததும் ரெண்டு பேரும் போட்ட சத்தத்தில் அந்தப் பெண்ணும் இறங்கி வந்துவிட்டாள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தகை என்று ஆகிவிட்டது. பிழிவது அவர்கள் வேலை. தனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தால்தான் இளசுகள் கூச்சமில்லாமல் வருவார்கள்.

வாடகைப் பேச்சைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் அது அஞ்சாம் தேதி, அவர் மட்டும் பேசுவார்.

கல்யாணம், சம்பளம், சாதி மூன்றையும் கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் "வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்களா கண்ணு?" என்றேன். மூன்று வாரம் அவள் கீழே வரவில்லை. நான்தான் மேலே போனேன். பலகாரம் எதுவும் எடுத்துப் போகவில்லை. வெறும் கையோடு போய், "கேட்டது தப்பு, இனிமே கேக்க மாட்டேன்" என்றேன். சின்னவர்களிடம் நேராக மன்னிப்புக் கேட்க நம் தலைமுறைக்கு வராது, ஆனால் பழகிக்கொள்ள வேண்டும். எட்டு மாதம் கழித்து, அவளாகவே ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி. இளையவர்களோடு பழகினால் வயது குறைந்த மாதிரி இருக்கும் என்பார்கள். எங்களுக்கு எங்கள் வயது பளிச்சென்று தெரிந்ததே அவர்களோடு இருக்கும்போதுதான். வெள்ளெழுத்து வந்ததை மறைத்து, ஹோட்டலில் "நீங்களே சொல்லுங்க" என்று மெனு அட்டையைத் தள்ளிவிடுவேன். வயதால் வரும் காது மந்தம் கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகும். நாலு பேர் ஒன்றாகப் பேசினால் இவருக்குப் பாதி விளங்காது, மற்றவர்கள் சிரித்தால் இவரும் சிரிப்பார். இப்போது நான் கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போகிறேன். அவர் "திருப்பிச் சொல்லு தம்பி" என்று கேட்டுவிடுகிறார். ஃபேன் சத்தத்துக்குத் தள்ளி உட்காருகிறோம். யாரும் குறைவாக நினைக்கவில்லை.

போன மார்ச்சில் கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளிங்கிரி மலைக்குப் போனோம். மலையேறுவதற்கு முன் நானும் அவரும் ஈ.சி.ஜி. எடுத்து, பிரஷர் பார்த்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் போகாதீர்கள். எங்கே திரும்புவது என்பதையும் வீட்டிலேயே பேசிவிட வேண்டும். முதல் மலை முடிகிற இடத்தில் இருக்கும் வெள்ளைப் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பது என்று வைத்திருந்தோம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் மூட்டுக்குப் பாரம் அதிகம்; "ஏறிடலாம்" என்ற தைரியத்தை மட்டும் நம்பக் கூடாது.

அந்த மலையில் ஐம்பதுக்குள் இருக்கும் பெண்கள் ஏறுவதில்லை என்பது வழக்கம். எனக்கு வழி உண்டு, 26 வயதுப் பெண்ணுக்கு இல்லை. அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே ஒப்பவில்லை. "போய்ட்டு வாங்கக்கா, எனக்கு ஆண்டி சுனைத் தண்ணி கொண்டு வாங்க" என்றாள்.

மூங்கில் தடியை ஊன்றி முதல் மலைப் படியை ஏறி முடித்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் முழங்கால் வீங்கியிருந்தது. "நீங்க போங்க" என்றார். பண்ருட்டிக்காரன் பையைக் கழற்றி வைத்து, "நான் அண்ணனோட இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் தேனிக்காரனும் மேலே போனோம்.

வந்த பிறகு ரெண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில், "இனி எதுக்கெல்லாம் முடியாதுன்னு தெரியல" என்றார். "உங்களுக்கு என்ன வயசாச்சுங்க" என்று சொல்ல வந்ததை நான் அடக்கிக்கொண்டேன். "எனக்கும் பயமாத்தான் இருக்குங்க" என்றேன். வெகுநேரம் பேசினோம். இந்தப் பேச்சைப் பிள்ளைகள் தலையில் இறக்கி வைக்காதீர்கள். முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியட்டும்; அந்த ஆற்றாமையைப் புருஷனும் பெண்டாட்டியும்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் போவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். திருநெல்வேலிப் பெண் மே மாதம் பெங்களூர் போய்விட்டாள். தினமும் போன் செய்யாதீர்கள். நான் மாதத்துக்கு ஒரு தடவை, சந்தகை அன்றைக்கு மட்டும், தட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன். போன தடவை, "அச்சுக் காலை யாரு பிடிச்சா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவர்தான் பிடித்தார், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு.